ஸ்ட்ரிங்ஸுக்கு ஒரே டிராக் போதுமா?

வாசகர் கேள்வி: கோவையில் கீபோர்டு வாசிக்கிறேன். குறும்படங்களுக்குக் கணினியிலேயே இசையமைத்து வருகிறேன். இப்போது முதல் தடவையாக, 6 நிமிட இசை ஒன்றை வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்ய வாய்ப்பு வந்திருக்கிறது. நான் இங்கிருந்தே இணையம் வழியாகக் கேட்டுத் திருத்தம் சொல்ல வேண்டும். மொத்தம் 44 பேர். முதல் வயலின் 8, இரண்டாம் வயலின் 6, வியோலா 4, செல்லோ 4, டபுள் பேஸ் 2. ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸூன் தலா 2. ஹார்ன் 4, டிரம்பெட் 2, டிராம்போன் 3 (அதில் ஒன்று பேஸ் டிராம்போன்). டிம்பனி, பெர்கஷன், ஹார்ப் தலா ஒருவர். இசை கல்யாணியில், 2 கட்டை சுருதியில்.

எந்தக் கருவி எந்தப் பிரிவு என்பதிலேயே குழப்பமாக இருக்கிறது. ஃப்ளூட் உலோகத்தில்தானே செய்கிறார்கள், அது ஏன் வுட்விண்ட்? சாக்ஸபோன் சேர்க்க ஆசை. அது எங்கே வரும்? ஹார்ப்பில் இருப்பதும் நரம்புதானே, அது ஸ்ட்ரிங்ஸ் இல்லையா? இரண்டாம் வயலின் என்பது வேறு கருவியா? நடுவில் ஒரு ஃப்ளூட் மெலடி, நடு சி-க்கு மேலுள்ள முதல் ஸ்தாயியில் வருகிறது. கீழே 4 ஹார்னும் ஸ்ட்ரிங்ஸும். கணினியில் அழகாகக் கேட்கிறது. அங்கேயும் கேட்குமா? ஸ்ட்ரிங்ஸ் முழுவதையும் ஒரே டிராக்கில் இரண்டு கையாலும் வாசித்திருக்கிறேன். அதை அப்படியே நோட்டேஷனாக மாற்றி அனுப்பினால் போதுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் வீணாவது அங்கேதான். போதாது. அப்படி அனுப்பினால் 44 பேர் உட்கார்ந்து காத்திருக்க, யார் எந்த ஸ்வரத்தை வாசிப்பது என்று தீர்மானிப்பதிலேயே உங்கள் நேரம் ஓடிவிடும்.

பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் மற்றவை தானாகப் பிடிபடும். நம் இசை நூல்கள் கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று பிரிக்கின்றன. ஆர்கெஸ்ட்ராவில் தோலும் கஞ்சமும் சேர்ந்து பெர்கஷன் என ஒரே பிரிவாகிவிடும். துளைக்கருவி மட்டும் வுட்விண்ட், பிராஸ் என்று இரண்டாகும். இந்த இரண்டையும் பிரிப்பது, கருவி எந்தப் பொருளால் ஆனது என்பதல்ல. ஒலி எங்கே பிறக்கிறது என்பதுதான். வாசிப்பவரின் உதடே அதிர்ந்து ஒலி எழுப்பினால் அது பிராஸ். காற்று ஒரு விளிம்பில் மோதியோ, ரீட் எனும் மெல்லிய நாக்கு அதிர்ந்தோ ஒலி வந்தால் வுட்விண்ட். நம்மூர்க் கருவிகளை வைத்துச் சொன்னால் நாகஸ்வரம் ஓபோ பக்கம் போகும். சீவாளியும் ஓபோவின் ரீடும் இரட்டை நாக்கு வகைதான். கொம்பும் எக்காளமும் பிராஸ் பக்கம் போகும்.

ஃப்ளூட் முன்பு மரத்தில்தான் இருந்தது. ஜெர்மன் ஃப்ளூட் கலைஞர் தியோபால்ட் போம் 1847-இல் உலோக உருளையில் செய்து காட்டிய பிறகு உடல் மாறியது. வாய்த்துளையின் விளிம்பில் காற்று வெட்டப்படும் முறை மாறவில்லை. அதனால் பிரிவும் மாறவில்லை. சாக்ஸபோனுக்கும் இதே கணக்குதான். அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை வாங்கியது பித்தளை உடலுக்குள் ஒற்றை ரீட் வைத்த கருவிக்கு. பார்க்கப் பித்தளை, ஆனால் கிளாரினெட்டுக்குச் சொந்தம். ஸ்கோரில், அதாவது எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் முழு நோட்டேஷனில், கிளாரினெட்டுக்குக் கீழே, பஸூனுக்கு மேலே எழுதுங்கள். சாக்ஸ் வருவதற்குள் ஆர்கெஸ்ட்ராவின் நிரந்தர ஆட்கள் யார் என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அதனால் பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் பிஸே 1872-இலும் ராவெல் 1928-இலும் செய்ததுபோல, தேவைப்படும் இசைக்கு மட்டும் தனியாக ஆள் கூப்பிடுவதே வழக்கம். உங்கள் பட்டியலில் அந்த ஆள் இல்லை. சாக்ஸ் வேண்டுமென்றால் இங்கேயே தனியாகப் பதிவு செய்து மேலே சேர்த்துவிடுங்கள். கத்ரி கோபால்நாத் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த அதே ஆல்ட்டோ சாக்ஸை நன்றாகக் கையாள்கிறவர்கள் இங்கே கிடைப்பார்கள். கல்யாணி கேட்டு வளர்ந்த காது அவர்களிடம் இருக்கும்.

ஹார்ப் நரம்புக் கருவிதான், சந்தேகமில்லை. ஆனால் ஆர்கெஸ்ட்ராவில் ஸ்ட்ரிங்ஸ் என்றால் வில்லால் வாசிக்கும் ஐந்து வரிகள் மட்டுமே: முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ். இவர்கள் கும்பலாக வாசிப்பவர்கள். ஒரே வரியை எட்டுப் பேர், ஆறு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஹார்ப்பில் ஒருவர் தன் வரியைத் தனியாக வாசிக்கிறார். அதனால் ஸ்கோரில் பெர்கஷனுக்குக் கீழே, ஸ்ட்ரிங்ஸுக்கு மேலே ஹார்ப் வரும். பியானோவும் செலஸ்டாவும் அதன் பக்கத்தில் வரும்.

ஸ்கோரை மேலிருந்து கீழாக இப்படி அடுக்குங்கள்: ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸூன், பிறகு ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், பிறகு டிம்பனி, பெர்கஷன், ஹார்ப், அடியில் ஐந்து ஸ்ட்ரிங்ஸ் வரிகள். டிரம்பெட்டைவிடக் கீழ் ஸ்தாயியில் வாசிக்கும் ஹார்ன் ஏன் மேலே இருக்கிறது என்று தோன்றும். வால்வு வராத காலத்திலிருந்தே ஹார்ன் வுட்விண்டோடு ஒட்டி வாழ்ந்த கருவி. டிரம்பெட்டோ டிம்பனியோடு ஜோடி போட்டிருந்தது. இன்றும் ஐந்து பேர் வாசிக்கும் விண்ட் குவின்டெட்டில் நான்கு வுட்விண்டோடு ஐந்தாவதாக உட்காருவது ஹார்ன்தான். உங்களுக்கு இதில் கிடைக்கும் நேரடிப் பலன் ஒன்று உண்டு: கிளாரினெட், பஸூன் சேர்ந்து வாசிக்கும் கார்டுக்குள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) ஓர் இடம் காலியாக இருந்தால் ஹார்னைத் தைரியமாக வைக்கலாம், தனித்துத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். டிரம்பெட்டை அங்கே வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஹார்னில் இன்னொரு பழக்கம். நான்கு பேர் இருந்தால் 1-ஆம், 3-ஆம் ஆள் மேல் ஸ்வரங்களுக்குப் பழகியவர்கள். 2, 4 கீழ் ஸ்வரங்களுக்கு. இரண்டு ஜோடிகளாக வளர்ந்த பிரிவு என்பதால் இப்படி. நான்கு ஸ்வரக் கார்ட் எழுதும்போது மேலிருந்து கீழாக 1, 3, 2, 4 என்று பிரித்துக் கொடுங்கள். மென்பொருள் தானாகப் பிரித்தால் 1, 2, 3, 4 என்று போட்டுவிடும். 2-ஆம் ஆள் உயரத்தில் திணறுவார், 3-ஆம் ஆள் தன் பலம் வீணாக அடியில் உட்கார்ந்திருப்பார்.

முதல் வயலினும் இரண்டாம் வயலினும் ஒரே கருவி, ஒரே நான்கு தந்தி. வரிதான் வேறு. இரண்டாவது என்றால் மட்டமானவர்கள் என்று நினைத்து அவர்களுக்கு வெறும் நீட்டல் ஸ்வரங்களைக் கொடுத்து ஒதுக்கிவிடாதீர்கள். முதல் வயலின் மெலடியை ஒரு ஸ்தாயி கீழே இரண்டாம் வயலின் தாங்கினால்தான் 14 பேர் நிறைவாகக் கேட்பார்கள். 8 பேர் மட்டும் உயரத்தில் தனியாக நின்றால் ஒலி மெலிந்து, சுருதி விலகல் அப்பட்டமாகத் தெரியும்.

இப்போது உங்கள் ஒரே டிராக் விஷயம். கணினியில் ஸ்ட்ரிங்ஸ் என்ற ஒலியைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினால், முழுப் பிரிவும் அந்த ஒரு ஸ்வரத்தை வாசித்த பதிவு ஒலிக்கிறது. ஆறு கட்டைகளை அழுத்தினால் ஆறு முழுப் பிரிவுகள். கார்டில் ஸ்வரம் கூடக்கூட ஒலி தடித்துக்கொண்டே போகும். நிஜத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். உங்களிடம் இருப்பது 24 பேர்தான். ஸ்வரம் கூடினால் அதே 24 பேரைத்தான் பங்கு போட வேண்டும். ஒவ்வொரு ஸ்வரமும் மெலியும். கணினியில் மலைபோல் கேட்ட ஒன்பது ஸ்வரக் கார்ட், பதிவில் சோகையாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். வாசித்தவர்கள் மேல் தப்பில்லை.

ஆகவே டிராக்கை ஐந்தாகப் பிரியுங்கள். முதலில் டபுள் பேஸ் வரி. எழுதும் ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் என்பதை மறக்காதீர்கள். பிறகு மெலடி. நடுவில் மிஞ்சுவதை மூன்று வரிகளாக்குங்கள். ஒவ்வொரு வரியையும் தனியாகப் பாடிப் பாருங்கள். கீபோர்டில் கை நகர்ந்த வசதிக்காக ஸ்வரம் அங்கும் இங்கும் தாவியிருக்கும். வியோலாக்காரருக்கு அந்தத் தாவலில் அர்த்தமே இருக்காது. பாட வராத வரி பெரும்பாலும் வாசிக்கவும் நன்றாக வராது. எல்லைகளையும் சரிபாருங்கள். வயலின் நடு சி-க்குக் கீழுள்ள ஜி-க்குக் கீழே இறங்காது. வியோலாவும் செல்லோவும் தங்கள் சி-க்குக் கீழே இறங்காது. வியோலாவின் சி, நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே, செல்லோவின் சி இரண்டு ஸ்தாயி கீழே. சாதாரண நான்கு தந்தி டபுள் பேஸ் ஈ-யோடு நின்றுவிடும். 2 கட்டை என்பதால் உங்கள் ஆதார ஷட்ஜமம் டி. செல்லோவின் கீழ் டி-க்கு ஒரு ஸ்தாயி கீழே டபுள் பேஸில் டி வேண்டுமானால், ஐந்து தந்தி உள்ளதா, அல்லது கீழே சி வரை இறங்கும் நீட்டிப்பு உள்ளதா என்று ஸ்டுடியோவிடம் முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் அந்த டி-யை ஒரு ஸ்தாயி மேலே எழுதுங்கள்.

ஒரு வரியை இரண்டாகப் பிரிப்பதில் இன்னொரு சிக்கல். நான்கு செல்லோவை இரண்டாகப் பிரித்தால் ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு பேர். ஒரே ஸ்வரத்தை இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது ஸ்ட்ரிங்ஸில் மிக மோசமான எண்ணிக்கை. ஒருவர் வாசித்தால் தனிக்குரலாகக் கேட்கும். நான்கைந்து பேர் வாசித்தால் சின்னச் சின்ன சுருதி வித்தியாசங்கள் கலந்து ஒரே வண்ணமாகிவிடும். இரண்டு பேர் என்றால் அவர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் அப்படியே காதில் உரசும். உங்கள் வியோலா, செல்லோ இரண்டுமே நான்கு நான்கு பேர் என்பதால் இவற்றைப் பிரிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கூடுதல் ஸ்வரம் தேவைப்பட்டால் முதல் வயலினைப் பிரியுங்கள், நான்கு நான்காக நிற்கும். அல்லது அந்த ஸ்வரத்தை பஸூனிடமோ கிளாரினெட்டிடமோ கொடுங்கள்.

ஃப்ளூட் மெலடிக்கு வருவோம். அங்கே கேட்காது. ஃப்ளூட்டின் கீழ் ஸ்தாயி அழகானது, ஆனால் பலம் குறைந்தது. எவ்வளவு ஊதினாலும் ஓரளவுக்கு மேல் சத்தம் வராது, மேலே போகப் போகத்தான் பலம் கூடும். கணினியில் கேட்டதற்குக் காரணம், அந்த ஃப்ளூட்டை மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்திருப்பார்கள், சத்தத்தைக் கூட்டும் ஃபேடரையும் நீங்கள் ஏற்றியிருப்பீர்கள். கூடத்தில் நான்கு ஹார்ன் எதிரே இருக்கிறது. ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் சொன்ன கணக்கு ஒன்று இங்கே கைகொடுக்கும்: பலமாக வாசிக்கும்போது ஒரு ஹார்ன் இரண்டு வுட்விண்டுக்குச் சமம், ஒரு டிரம்பெட் அல்லது டிராம்போன் இரண்டு ஹார்னுக்குச் சமம். அதாவது உங்கள் நான்கு ஹார்னுக்கு ஈடு எட்டு வுட்விண்ட். மெல்ல வாசிக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதும் குறையும். ஆனாலும் ஃப்ளூட் கீழ் ஸ்தாயியில் இருக்கும்வரை ஹார்ன் அதை விழுங்கத்தான் செய்யும்.

திருத்த மூன்று வழி உண்டு. மெலடியை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றினால் ஃப்ளூட் தெளிவாக மிதக்கும், ஆனால் அந்தப் புகைபோன்ற நிறம் போய்விடும். இரண்டாவது, மெலடியைக் கிளாரினெட்டுக்கு மாற்றலாம். அப்படி மாற்றினால் கல்யாணியின் காந்தாரமும் பிரதி மத்யமமும், அதாவது எஃப் ஷார்ப்பும் ஜி ஷார்ப்பும், பி ஃப்ளாட் கிளாரினெட்டில் தொண்டை ஸ்வரங்கள் எனப்படும் வெளிறிய பகுதியில் விழும். ராகத்தின் உயிரான இடத்திலேயே நிறம் மங்கும். நான் எடுப்பது மூன்றாவது வழி: ஃப்ளூட்டை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள், அந்த மெலடி வரும் பார்களில் (பார் என்றால் நோட்டேஷனில் ஒரு தாளச் சுற்று) ஹார்னை முழுக்க நிறுத்துங்கள், ஸ்ட்ரிங்ஸை மியூட் (ஒலியை அடக்கக் கருவியில் மாட்டும் சிறு துண்டு) போட்டு மிக மெல்ல வாசிக்கச் சொல்லுங்கள். மியூட்டை மாட்டவும் கழற்றவும் இரண்டு மூன்று விநாடியாவது ஓய்வு கொடுங்கள். மென்பொருளில் அது ஒரு சொடுக்கு. வயலின்காரருக்கு ஒரு கை வில்லில், ஒரு கை கழுத்தில்.

நீங்கள் கேட்காத ஓரிடம்: டிராம்போன். கீபோர்டில் இடது கை டி, எஃப் ஷார்ப், ஏ என்று அடியில் நெருக்கமாகக் கார்ட் பிடிக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. மூன்று டிராம்போனுக்கும் அதை அப்படியே கொடுத்தால் கலங்கிய உறுமல்தான் வரும். அவ்வளவு கீழே மூன்றாம் இடைவெளியின் மேலொலிகள் ஒன்றோடொன்று மோதும். அந்த டி-யை சாதாரண டெனர் டிராம்போன் எட்டாது. அதன் இயல்பான எல்லை மேலே இருக்கும் ஈ. பேஸ் டிராம்போனுக்கு அடி டி, இரண்டாவதற்கு அதற்கு மேலுள்ள ஏ, முதலாவதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிய எஃப் ஷார்ப். இப்படிப் பரப்பினால் அதே மூன்று பேர் இரட்டிப்பாகக் கேட்பார்கள்.

எழுதும் ஸ்வரமும் ஒலிக்கும் ஸ்வரமும் வேறாக இருக்கும் கருவிகளில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பி ஃப்ளாட் கிளாரினெட்டும் பி ஃப்ளாட் டிரம்பெட்டும் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். எஃப் ஹார்ன் ஐந்தாம் இடைவெளி கீழே. ஏ கிளாரினெட் மூன்று அரை ஸ்வரம் கீழே. உங்கள் டி கல்யாணியை இவற்றுக்கு எழுதினால், பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு ஈ கல்யாணியாகும், ஐந்து ஷார்ப். ஹார்னுக்கு ஏ கல்யாணி, நான்கு ஷார்ப். ஏ கிளாரினெட்டுக்கு எஃப் கல்யாணி. எஃப், ஜி, ஏ, பி, சி, டி, ஈ என ஒரு ஷார்ப்பும் இல்லாமல் வெறும் வெள்ளைக் கட்டை ஸ்வரங்கள். ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கும் கிளாரினெட்காரர் இரண்டு கருவியையும் கையோடு வைத்திருப்பார். பார்ட்டின் (ஒரு கருவிக்கு மட்டுமான தனி நோட்டேஷன்) தலைப்பிலேயே ‘ஏ கிளாரினெட்’ என்று போட்டு, முழு இசைக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆல்ட்டோ சாக்ஸ் சேர்ப்பதானால் அதற்கு பி கல்யாணி, ஆறு ஷார்ப். வாசிப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நோட்டேஷன் மென்பொருளில் கருவியின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் பார்ட் தானாக மாறி வரும். மிடியை (நீங்கள் அழுத்திய கட்டைகளின் கணினிக் குறிப்பு) கொண்டுவந்து டிராக்கின் பெயரை மட்டும் ‘ஹார்ன்’ என்று திருத்தியிருந்தால் மாறாது. சோதிக்கும் வழி எளிது: ஹார்ன் பார்ட்டைத் திறங்கள். உங்கள் ஷட்ஜமம் அங்கே ஏ என்று எழுதியிருந்தால் சரி. டி என்றே இருந்தால், பதிவன்று நான்கு பேரும் ஜி வாசிப்பார்கள்.

கமகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கல்யாணி என்பதால் சொல்லியே ஆக வேண்டும். கீபோர்டின் பிட்ச் வீலில் நீங்கள் கொடுத்த அசைவு எதுவும் நோட்டேஷனில் வராது. அதை எழுதிக் கொடுத்தாலும் எட்டு வயலின்காரர்கள் எட்டு விதமாக இழுப்பார்கள். கேட்பவருக்கு அது சுருதி சேராமை மாதிரிதான் இருக்கும். ஒன்றிரண்டு இடத்தில் ஜாரு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது) வேண்டுமென்றால் கிளம்பும் ஸ்வரம், சேரும் ஸ்வரம், சேர வேண்டிய அட்சரம் மூன்றையும் எழுதி, நடுவில் கிளிஸாண்டோ கோடு போடுங்கள். இரண்டு ஸ்வரமும் ஒரே தந்தியில் எட்டுகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் கமகம் தேவைப்படும் மெலடி என்றால், இங்கே ஒரு கர்நாடக வயலின் கலைஞரை வைத்துத் தனியாகப் பதிவு செய்து, ஆர்கெஸ்ட்ராவை நேர் ஸ்வரங்களில் கீழே நிறுத்துங்கள். அதே மெலடியை ஆர்கெஸ்ட்ராவும் கமகமில்லாமல் கூடவே வாசிக்கும்படி மட்டும் எழுதாதீர்கள், இரண்டும் உரசும்.

ஹார்ப் விஷயத்தில் உங்கள் ராகம் உங்களுக்கு உதவுகிறது. ஹார்ப்பில் 47 நரம்பு, ஏழு பெடல். ஒவ்வொரு பெடலும் ஓர் எழுத்துக்குரிய எல்லா நரம்புகளையும் ஃப்ளாட், நேச்சுரல், ஷார்ப் என மூன்று நிலையில் மாற்றும். இடது காலுக்கு டி, சி, பி. வலது காலுக்கு ஈ, எஃப், ஜி, ஏ. உங்களுக்கு சி, எஃப், ஜி மூன்றும் ஷார்ப், மற்றவை நேச்சுரல். ஆரம்பத்தில் ஒருமுறை இப்படி வைத்துவிட்டால் 6 நிமிடமும் காலை அசைக்க வேண்டியதில்லை, எந்த நரம்பின் மேல் கை ஓடினாலும் கல்யாணிதான் வரும். கார்டில் ஒரு கைக்கு நான்கு ஸ்வரத்துக்கு மேல் எழுதாதீர்கள். ஹார்ப்பில் சுண்டுவிரல் பயன்படாது.

பெர்கஷனில் உங்களிடம் இருப்பது ஒரே ஆள். சிம்பலும் பாஸ் டிரம்மும் டிரையாங்கிளும் ஒரே அடியில் விழும்படி எழுதியிருந்தால், அவற்றைத் தனித்தனியாக மறுபடி வாசித்துப் பதிவு செய்யலாம் என்று ஸ்டுடியோவிடம் ஒப்புக்கொள்ளுங்கள். டிம்பனி தனி ஆள், தனி வரி. சுருதி மாற்ற வேண்டியிருந்தால் நடுவில் சில பார்களாவது விட்டு வையுங்கள்.

பார்ட் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை நிறைய. மிடியிலிருந்து வரும் நோட்டேஷனில், நீங்கள் இயல்பாகக் கொஞ்சம் பிந்தி அழுத்திய இடமெல்லாம் பொடிப்பொடி ஸ்வரங்களாகவும் ஓய்வுகளாகவும் உடைந்திருக்கும். எல்லாவற்றையும் தாளக் கணக்குக்கு நேராக்குங்கள். ஜி ஷார்ப் வர வேண்டிய இடத்தில் ஏ ஃப்ளாட் என்று வந்திருந்தால் திருத்துங்கள். வாசிப்பவர் அரை விநாடி தயங்கினாலும் அந்த டேக் போச்சு. கணினியில் வளைகோடாக வரைந்த சத்த ஏற்ற இறக்கம் எதுவும் காகிதத்தில் வராது. பியானிஸிமோ (மிக மெல்ல) முதல் ஃபோர்ட்டே (பலமாக) வரை குறிகளையும், ஏறும் இறங்கும் கோடுகளையும் ஒவ்வொரு வரிக்கும் நீங்களே போட வேண்டும். குறி இல்லாத பார்ட்டை எல்லோரும் நடுத்தரச் சத்தத்தில் வாசிப்பார்கள், இசை தட்டையாகிவிடும்.

ஸ்ட்ரிங்ஸில் மேலே போடும் வளைவு, ஒரே வில் வீச்சில் வாசிக்க வேண்டிய ஸ்வரங்களைக் காட்டும். எட்டு பாருக்கு ஒரே வளைவு போட்டால் அது நடக்காத காரியம். பலமாக வாசிக்கும்போது வில் சீக்கிரம் தீரும், அங்கே வளைவுகளைக் குட்டையாக்குங்கள். ஊதுகிறவர்களுக்கு மூச்சுவிட இடம் வேண்டும். ஃப்ளூட்டுக்கும் பேஸ் டிராம்போனுக்கும் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். ஓபோவில் பிரச்சினை வேறு: இரட்டை ரீடின் சின்னத் துளை வழியே காற்று மிகக் குறைவாகவே போகும், பழைய மூச்சு உள்ளேயே தங்கிவிடும். அதனால் ஓபோக்காரர் வாங்குவதற்கு முன் வெளியே விட வேண்டும். நீண்ட மெலடிக்குப் பின் சில பார் ஓய்வு அவருக்கு அவசியம்.

வெவ்வேறு பார்ட்டுகள் 25: ஸ்ட்ரிங்ஸ் 5, வுட்விண்ட் 8, பிராஸ் 9, டிம்பனி, பெர்கஷன், ஹார்ப் 3. ஆனால் ஸ்ட்ரிங்ஸில் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட் என்பதால் அச்சுப் பிரதி 12 வேண்டும்; மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, 20. ஆக 32. ஏ4 தாள் இரண்டு பேருக்குச் சின்னது, அதைவிடப் பெரிய தாளில் அச்சடிக்கச் சொல்லுங்கள். ஐந்து கோட்டின் உயரம் 7 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எல்லா பாருக்கும் எண் போடுங்கள். கண்டக்டர் “47-லிருந்து” என்று சொன்னதும் எல்லோரும் அதே இடத்தில் இருக்க வேண்டும், ஸ்கோரிலும் பார்ட்டிலும் எண் ஒன்றுபோல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு வரும்படி அமையுங்கள்.

24 ஸ்ட்ரிங்ஸ் எதிரில் 9 பிராஸ். பலமான இடங்களில் ஸ்ட்ரிங்ஸ் அடிபட்டுப் போகும். ஆளைக் கூட்டப் பணம் இல்லையென்றால், முதலில் ஸ்ட்ரிங்ஸையும் வுட்விண்டையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள், அடுத்து பிராஸை மட்டும், கடைசியில் பெர்கஷனை. மிக்ஸிங்கில் சமன் செய்துகொள்ளலாம். நேரம் கூடுதலாகும் என்பதால், பிராஸ் வாசிக்கும் பகுதிகளை மட்டும் பார் எண்ணோடு தனிப் பட்டியலாக எடுத்து வையுங்கள். 6 நிமிடத்தையும் அவர்களுக்கு ஓட்ட வேண்டியதில்லை. வாசிப்பவர்கள் காதில் தாளம் தட்டும் கிளிக் டிராக்கின் தொடக்கத்தில் இரண்டு பார் எண்ணிக்கை இருக்கட்டும்.

இன்னும் ஒன்று, பதிவுக்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்: ஏ ஸ்வரத்தை எத்தனை ஹெர்ட்ஸுக்குச் சேர்க்கிறார்கள்? ஐரோப்பாவில் பல ஆர்கெஸ்ட்ராக்கள் 442-க்குச் சேர்ப்பார்கள். உங்கள் கணினி ஒலிகள் 440-இல் இருக்கும். வித்தியாசம் அரை ஸ்வரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை, ஆனாலும் கர்நாடக வயலினோ சாக்ஸோ 440-இல் இங்கே பதிவாகி மேலே ஏறும்போது எங்கேயோ இடிப்பது காதுக்குத் தெரியும். 440 வேண்டும் என்று எழுத்தில் கேட்டால் ஸ்ட்ரிங்ஸும் ஊதுகருவிகளும் இறங்கிவருவார்கள். குளோக்கன்ஷ்பீல் போன்ற உலோகப் பட்டைக் கருவியின் சுருதியை மாற்ற முடியாது. அது உங்கள் ஸ்கோரில் இருந்தால், அந்த ஒரு வரியைக் கணினி ஒலியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.